எட்டாவது புத்தகம் ஏன் இனிக்கவில்லை? - பொட்டிபுரத்து மொட்டைமாடியில் ஒரு மாயக்கதை!

2016 ஆகஸ்ட் மாதம். போடிநாயக்கனூரில் ஒரு கூரியர் அலுவலகத்தின் வாசலில் பள்ளிச் சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள் அவள். பிளஸ் டூ படிக்கிற பெண். "பொட்டிபுரம் வரைக்கும் வர முடியாதும்மா, நீங்களே வந்து வாங்கிக்கங்க" என்று போனில் சொல்லிவிட்டார்கள். ஸ்பெஷல் கிளாஸுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

பார்சலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அனுப்பியவர் இடத்தில், சென்னையில் வேலை பார்க்கும் அண்ணனின் பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஹாரி பாட்டர் வரிசையின் எட்டாவது புத்தகம், 'ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்ட் சைல்டு'. கதைப்படி ஹாரியின் பிறந்தநாளான ஜூலை 31-ம் தேதி வெளியாகியிருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பார்சல் மடியில் இருந்தது. ஆனாலும் பிரிக்கவில்லை. அந்த வரிசையில் எந்தப் புத்தகத்தையும் அவள் பகலில் தொடங்கியதே கிடையாது. இரவு வரட்டும் என்று காத்திருந்தாள்.

அன்று இரவு ஆரம்பித்து விடிய விடியப் படித்தாள். முடித்தபோது அழுகை வந்தது. கதை சோகமாக இருந்ததால் அல்ல, நன்றாக இல்லாததால்.

"ஒரு புத்தகம் பிடிக்கலைன்னா மூடி வெச்சிட்டுப் போக வேண்டியதுதானே, இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்பவர்களுக்கு, அந்த வீட்டு மொட்டைமாடியின் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

ரயிலில் வந்த மந்திரப் பள்ளி

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பொட்டிபுரம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால், அநேகமாக நியூட்ரினோதான் காரணமாக இருக்கும். இங்கிருக்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்கு எதிரான போராட்டங்களால் ஊரின் பெயர் செய்திகளில் அடிபட்டது.

ஊர்க்காரர்களுக்கோ மலை என்றால் பிழைப்பு. விடியும் முன்பே ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், இருட்டும்போது திரும்புகிற பெண்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அவளுடைய அம்மாவும் அப்படிப் போனவர்தான். முழங்கால் வலி வந்த பிறகு மலை ஏறுவதை நிறுத்திவிட்டு, போடியில் ஒரு குடோனில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போனார். நிறம் போன காய், வெடித்த காய், சிறுத்த காய் என்று பிரித்துப் போடுகிற வேலை.

அண்ணன் அவளைவிட எட்டு வயது மூத்தவன். 2009-ல் மதுரையில் இன்ஜினீயரிங் சேர்ந்தான். வாரக் கடைசியில் போடி ரயிலில் வீட்டுக்கு வருவான். அப்போது அது மீட்டர்கேஜ் பாதை. சுமார் 90 கிலோமீட்டரை ஆடி அசைந்து கடந்து வரும். அப்படி ஒருமுறை வரும்போது, மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தான். அட்டை ஓரம் கிழிந்திருந்தது. முதல் பக்கத்தில் யாரோ பெயர் எழுதி, அதை யாரோ அடித்திருந்தார்கள். அதுதான் ஹாரி பாட்டரின் முதல் புத்தகம்.

அவளுக்கு அப்போது பத்து வயது. தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அண்ணன் ஒரு பக்கத்தை மனதுக்குள் படிப்பான். பிறகு தமிழில் சொல்வான். மொட்டைமாடியில் விரித்த பாய், தலைமாட்டில் டார்ச் லைட், எதிரே கறுப்பாக மலை. "அந்தப் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு காடு இருக்கு பாப்பா. அதுக்குள்ள புள்ளைங்க யாரும் போகக் கூடாது" என்று அண்ணன் சொன்னால், அவள் திரும்பி அம்பரப்பர் மலையைப் பார்ப்பாள். பிள்ளைகளைக் காப்பாற்றுகிற ராட்சத உருவமான ஹாக்ரிட், அவள் மனதில் ஊர் எல்லைக் கருப்பசாமி மாதிரிதான் இருந்தார்.

மந்திரப் பள்ளிக்குப் போகிற ரயிலைப் பிடிக்க, லண்டன் ஸ்டேஷனில் சுவருக்குள் புகுந்து ஒன்பதே முக்காலாவது நடைமேடைக்குப் போவான் ஹாரி. அண்ணனை வழியனுப்ப போடி ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம், யாரும் பார்க்காத நேரத்தில் அவள் அங்கிருந்த சுவரைத் தள்ளிப் பார்ப்பாள்.

2010 டிசம்பர் 31-ம் தேதியோடு அந்த ரயில் நின்றுபோனது. அகலப்பாதையாக மாற்றப்போகிறோம் என்றார்கள். அண்ணன் பஸ்ஸில் வர ஆரம்பித்தான். புத்தகங்கள் மட்டும் நிற்கவில்லை. நாலாவது புத்தகம் தலையணை சைஸில் இருந்தது. அதைச் சொல்லி முடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் அவள் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு தானாகவே படிக்கத் தொடங்கிவிட்டாள். ஆறாவது புத்தகத்தில் நிலைமை தலைகீழ். அவள் படிக்க, அண்ணன் படுத்துக்கொண்டு கேட்டான்.

ஜே.கே.ரௌலிங் 1997-ல் தொடங்கி 2007-ல் முடித்த ஏழு புத்தகங்களை, அண்ணனும் தங்கையும் நான்கு வருடங்களில் முடித்தார்கள். கடைசிப் பக்கத்தை மூடியது 2013-ல். அடுத்த வாரமே அண்ணனுக்குச் சென்னையில் வேலை.

"இன்னொரு புக்கு வந்துச்சுன்னா சேர்ந்துதான் படிக்கணும். தனியா படிச்சா அவுட்டு" என்று மாடியில் சத்தியம் செய்துகொண்டார்கள். இன்னொன்று வராது என்று இருவருக்குமே தெரியும். அதனால் சத்தியம் சுலபமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து, வந்தேவிட்டது. முதல் பக்கத்தில், 'பாப்பாவுக்கு. ஹாக்வர்ட்ஸில் சந்திப்போம்' என்று எழுதி அனுப்பியிருந்தான் அண்ணன். தனக்கும் ஒரு பிரதி வாங்கி, அதே இரவில் அங்கிருந்தே படிப்பதாகச் சொல்லியிருந்தான்.

அப்படி என்னதான் பிரச்னை?

முதல் ஏமாற்றம், அது நாவலே இல்லை. ரௌலிங், ஜான் டிஃபானி, ஜாக் தோர்ன் மூவரும் சேர்ந்து யோசித்த கதைக்கு, ஜாக் தோர்ன் எழுதிய நாடகப் பிரதி. 2016 ஜூலை 30-ம் தேதி லண்டன் பேலஸ் தியேட்டரில் அரங்கேறி, மறுநாள் புத்தகமாக வந்தது. பக்கம் முழுக்கப் பெயர், வசனம், பெயர், வசனம். மற்ற ஏழு புத்தகங்களிலும் ஒரு விருந்து என்றால் மேஜையில் என்னென்ன பலகாரம் இருக்கிறது என்பது வரை தெரியும். இதிலோ கண்ணை மூடினால் எதுவுமே தெரியவில்லை.

சரி, கதையாவது இருக்கிறதா? ஹாரிக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது. மந்திர அமைச்சகத்தில் வேலை. அவனுடைய இரண்டாவது மகன் ஆல்பஸ், அப்பாவின் புகழைச் சுமக்க முடியாமல் தவிக்கிறான். ஹாரியின் பழைய எதிரி டிராகோ மால்ஃபாயின் மகன் ஸ்கார்பியஸ்தான் ஆல்பஸின் ஒரே நண்பன். இது வரை அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த இரண்டு பையன்களின் நட்பை இப்போதும் அவள் குறை சொல்வதில்லை.

அதற்கு மேல்தான் சிக்கல். நாலாவது புத்தகத்தில் செத்துப்போன செட்ரிக் என்கிற மாணவனைக் காப்பாற்ற, இருவரும் 'டைம் டர்னர்' கருவியை வைத்துக் காலத்தில் பின்னோக்கிப் போகிறார்கள். மூன்றாவது புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் கருவி தெரியும். அங்கே அதற்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. பின்னோக்கிப் போகிறவர்கள் என்ன செய்தாலும், அது ஏற்கெனவே நடந்ததோடு கச்சிதமாகப் பொருந்திவிடும். ஐந்தாவது புத்தகத்தில் அமைச்சகத்தில் நடக்கும் சண்டையில், இருந்த டைம் டர்னர்கள் எல்லாம் நொறுங்கிவிட்டதாக ரௌலிங்கே கதவைச் சாத்திவிட்டார். எட்டாவதிலோ புதிதாக ஒன்று முளைக்கிறது. ஒவ்வொரு முறை போய்வரும்போதும் உலகமே மாறிப்போகிறது.

அப்படி மாறிய ஓர் உலகத்தில், செட்ரிக் போட்டியில் அவமானப்பட்ட ஆத்திரத்தில் கெட்டவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டதாக வருகிறது. நேர்மைக்குப் பெயர்போன செட்ரிக்கா? அவன் செத்த பக்கத்தைக் கேட்டுவிட்டு மறுநாள் பள்ளிக்கூடத்தில் சாப்பிடாமல் இருந்தவள் அவள். ஆசாபாசமே இல்லாத வில்லன் வோல்டெமார்ட்டுக்கு ஒரு மகள் வேறு வந்து நிற்கிறாள். ரயிலில் மிட்டாய் விற்கும் பாட்டியின் கைகள் திடீரென்று முள்ளாக மாறுகின்றன. அந்த இடத்தில் அவள் புத்தகத்தைத் திருப்பி, அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது ஒரு காட்சி. அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். நீ எனக்கு அப்பாவாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்கிறான் ஆல்பஸ். சில நேரம், நீ என் மகனாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது என்று திருப்பிச் சொல்லிவிடுகிறான் ஹாரி.

ஹாரியா? அப்பா அம்மாவைக் கைக்குழந்தையிலேயே இழந்துவிட்டு, கண்ணாடியில் அவர்களுடைய உருவம் தெரிகிறது என்பதற்காக ராத்திரி ராத்திரியாக அதன் முன்னால் போய் உட்கார்ந்திருந்த ஹாரியா பெற்ற பிள்ளையிடம் இப்படிப் பேசுவான்? 'இது நம்ம ஹாரி இல்ல. யாரோ ஹாரி பேர்ல நடிக்கிறாங்க' என்று தோன்றியது அவளுக்கு.

"புக்குதான பாப்பா?"

மறுநாள் இரவு அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் நைட் ஷிஃப்டில் இருந்தான்.

"என்ன பாப்பா, சூப்பரா இருக்கா?"

"நல்லாவே இல்லண்ணே. நீ எது வரைக்கும் படிச்ச?"

"நான் இன்னும் வாங்கவே இல்ல. வேலை கழுத்தை நெரிக்குது. கல்யாணப் பேச்சு வேற... அப்பா தெனம் போன் பண்றாரு."

"அந்த செட்ரிக்கை என்ன பண்ணி வெச்சிருக்காங்க தெரியுமா? அப்புறம் ஹாரி..."

"சரி விடு. புக்குதான பாப்பா? அப்புறம் பேசுறேன்."

போன் கட்டாகிவிட்டது.

'புக்குதான?' என்ற அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் பேசியது அவளுடைய பழைய அண்ணன் இல்லை. மாடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தொண்டையை மாற்றிப் பேசிக்காட்டியவன் இல்லை. சம்பளம், ஷிஃப்ட், கல்யாணம் என்று வேறு ஒரு ஆள் அண்ணன் பேரில் பேசிக்கொண்டிருந்தான்.

எட்டாவது புத்தகத்தை அவள் அலமாரியில் வைக்கவில்லை. தகரப்பெட்டியில், குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் போட்டு மூடினாள்.

1954-லேயே வந்த சண்டை

பேத்தி இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அப்பத்தாதான் பேச்சுக் கொடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர். படிப்பு அதிகமில்லை. ஆனால் கதை கேட்ட அனுபவத்தில் அந்த வீட்டில் அவர்தான் சீனியர்.

அப்பத்தாவின் அண்ணன், மலைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வாரம் தவறாமல் 'கல்கி' பத்திரிகை வாங்குவார். அரிசி பருப்போடு பத்திரிகையும் மேலே போகும். வேலை முடிந்த இரவுகளில் லாந்தர் வெளிச்சத்தில் அவர் 'பொன்னியின் செல்வன்' படிக்க, சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள். 1950-ல் தொடங்கி 1954 வரை வந்த தொடர் அது. ஐந்து பாகங்கள். அப்பத்தாவுக்கு அப்போது ஆறிலிருந்து பத்து வயது.

"கடைசியில என்ன ஆச்சு தெரியுமா ஆத்தா? அந்தப் பிள்ள கிரீடத்தைத் தூக்கி சித்தப்பனுக்குக் குடுத்துட்டான். கேட்டுக்கிட்டு இருந்தவுகளுக்கெல்லாம் வந்துச்சே கோவம்! மூணு வருசமா தூங்காமக் கேட்டது, அவன் பட்டம் கட்டறதைப் பாக்கத்தானே? பெரியவனைக் கொன்னது யாருன்னும் தெளிவாச் சொல்லல. எங்க அண்ணன் பத்திரிகையை வீசி எறிஞ்சுட்டாரு."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் செல்போனில் தேடிப் பார்த்தாள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் முழு நாவலும் இணையத்தில் கிடைத்தது. கடைசி பாகமான 'தியாகச் சிகர'த்தின் முடிவில், ஆசிரியரே ஒரு முடிவுரை எழுதியிருந்தார். கதை சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்ட வாசகர்களுக்குப் பதில் சொல்லி, யார் யாருக்குப் பிறகு என்ன ஆனது என்ற விவரங்களையும் கொடுத்திருந்தார். அதே 1954 டிசம்பரில் கல்கி காலமாகிவிட்டார். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடரும் ஆசை மற்ற எழுத்தாளர்களுக்கும் வந்தது. விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி' அப்படி வந்த நாவல்தான்.

படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. உத்தம சோழன் ஆட்சிக்குப் பிறகு, 985-ல்தான் ராஜராஜன் அரியணை ஏறினான் என்பது வரலாறு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துகளைப் பறித்தது பற்றி, காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டே இருக்கிறது. வாசகர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும், கல்கியால் கல்வெட்டை மாற்ற முடியாது. அந்த முடிவு பிடிக்காமல் போகலாம். ஆனால் பொய் என்று சொல்ல முடியாது.

மாயக்கதைக்குக் கல்வெட்டு கிடையாது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அப்படியென்றால் வாசகர் எதை நம்பி உள்ளே போவது? முந்தைய பாகங்களை நம்பித்தான். மூன்றாவது புத்தகத்தில் சொன்ன விதி எட்டாவதுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை. முதல் ஏழு பாகங்கள்தான் எட்டாவதுக்குக் கல்வெட்டு. அதைத் தட்டி உடைத்ததால்தான் தனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அழுகைக்கான காரணம் அது மட்டும்தானா என்று அப்போது யோசிக்கவில்லை.

அப்பத்தாவிடம் இன்னொரு கேள்வி இருந்தது.

"நாடகம்னு சொன்னியே, அதைப் போய் யாராச்சும் படிப்பாகளா?"

நியாயமான கேள்வி. இந்தப் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்வதைப் பார்க்க ஊரே தூக்கம் முழிக்கும். அதன் பாட்டுப் புத்தகத்தை வாங்கிவந்து வீட்டில் படித்தால் என்ன கிடைக்கும்? 'கர்ஸ்ட் சைல்டு' விஷயத்திலும் பின்னாளில் இதுதான் நடந்தது. புத்தகமாகப் படித்த ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். மேடையில் பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். லண்டனில் 2017-ல் ஒன்பது ஒலிவியர் விருதுகளும், நியூயார்க்கில் 2018-ல் ஆறு டோனி விருதுகளும் அந்த நாடகத்துக்குக் கிடைத்தன. பொட்டிபுரத்துப் பெண்ணுக்கு லண்டன் தியேட்டர் டிக்கெட்டை யார் வாங்கிக் கொடுப்பது?

"விடு ஆத்தா" என்றார் அப்பத்தா. "கடைசி எடுப்புல காய் சிறுத்துத்தான் வரும். அதுக்காக மொதல்ல எடுத்த காயைக் கொட்டிருவாகளா?"

எட்டு வருடம் கழித்து...

அப்பத்தா இப்போது இல்லை. அவள் பி.காம் முடித்துவிட்டு, போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறாள். அண்ணனுக்குச் சென்னையிலேயே கல்யாணம், குடும்பம். பேச்சு உண்டு. 'சாப்பிட்டியா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா' என்ற அளவில்.

2023 ஜூனில், பன்னிரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்த ரயில் போடிக்குத் திரும்பி வந்தது. இப்போது அகலப்பாதை. சென்னையிலிருந்து நேரடி ரயில். 2024 ஆயுத பூஜை விடுமுறைக்கு அண்ணன் அதில்தான் வந்தான், ஏழு வயது மகனோடு.

பையன் அதிகம் பேசவில்லை. அத்தையோடும் பாட்டியோடும் ஒட்டிக்கொண்டவன், அப்பா கூப்பிட்டால் மட்டும் ஒரு அடி பின்னால் போனான். "பரீட்சையில மார்க்கு கொறைஞ்சிருச்சு. அதான் கொஞ்சம் சத்தம் போட்டேன்" என்றான் அண்ணன், யாரும் கேட்காமலேயே.

இரண்டாவது நாள் இரவு குளிர் காற்று. போர்வை எடுக்கப் போன அண்ணன் வெகுநேரமாகத் திரும்பவில்லை. அவள் மாடிக்குப் போய்ப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு, செல்போன் வெளிச்சத்தில் எட்டாவது புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். முன்னும் பின்னுமாகப் புரட்டி, பாதிக்கு மேல் தாண்டியிருந்தான்.

"தனியா படிச்சா அவுட்டு" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். "நீ எட்டு வருசத்துக்கு முன்னாடியே அவுட்டு பாப்பா."

பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பழைய மாதிரியே இருந்தது. டைம் டர்னர் விஷயத்தை இருவரும் சேர்ந்து கிழித்தார்கள். மிட்டாய்ப் பாட்டியின் முள் கையைப் படித்துவிட்டு, கீழே அம்மா சத்தம் போடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். "நீ அன்னைக்குச் சொன்னது கரெக்ட்டுதான். நல்லாவே இல்ல" என்றான் அண்ணன். அவன் வாயால் அதைக் கேட்க அவள் எட்டு வருடம் காத்திருந்திருக்கிறாள்.

பிறகு அவன் பின்னோக்கிப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினான். அதே சண்டைக் காட்சி.

"இந்த ஒரு இடம் மட்டும் நெசம் பாப்பா."

அவள் பேசாமல் இருந்தாள்.

"மார்க் ஷீட்டைப் பார்த்துட்டு, ஆபீஸ் டென்ஷன்ல... 'நீயெல்லாம் எனக்குப் பிள்ளையா'ன்னு கேட்டுட்டேன். அதுல இருந்துதான் பக்கத்துல வர மாட்டேங்கிறான். ஹாரி அப்படிப் பேச மாட்டான்னு நீ நெனச்ச. நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன், பிள்ளை பெத்துக்கறதுக்கு முன்னாடி. அப்பன் இல்லாம வளர்ந்தவனுக்கு, அப்பன்னா எப்படி இருக்கணும்னு யாரு சொல்லிக்கொடுத்தா?"

பதினேழு வயதில் அவளுக்கு அந்தக் காட்சி துரோகமாகத் தெரிந்தது. முப்பத்து மூன்று வயதில் அண்ணனுக்கு அது தன் வீட்டுக் கூடமாகத் தெரிகிறது. புத்தகம் மாறவில்லை. அதன் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அன்றைக்கு அவளுக்கு வந்த அழுகையில் பாதி, புத்தகத்துக்கானதே இல்லை. பாய், டார்ச், பத்து வயது, தொண்டையை மாற்றி மாற்றிப் பேசும் அண்ணன் எல்லாவற்றையும் அந்தப் பார்சலுக்குள் அவள் தேடியிருக்கிறாள். எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் எந்த எட்டாவது பாகமும் அதைத் திருப்பிக் கொடுத்திருக்காது.

"கடைசியில என்ன ஆகுது? அவுங்க ரெண்டு பேரும் சேர்ந்துடுறாங்களா?" என்று கேட்டான் அண்ணன்.

"செட்ரிக்கைப் புதைச்ச இடத்துக்கு ஹாரி மகனைக் கூட்டிட்டுப் போவான். தனக்கு எதுக்கெல்லாம் பயம்னு அவன்கிட்ட ஒத்துக்குவான். புறாவுக்குப் பயமாம்."

"புறாவுக்கா!"

"ஆமா. வோல்டெமார்ட்டையே எதுத்து நின்னவனுக்குப் புறான்னா பயம்."

மறுநாள் மாலை அண்ணன், மகனை மாடிக்குக் கூட்டிப்போனான். அத்தையும் கூடப் போனாள். தூரத்தில் மலை தெரிந்தது. "அப்பா சின்ன வயசுல பாட்டியோட ஜீப்புல போடிமெட்டுக்குப் போவேன். பதினேழு கொண்டை ஊசி வளைவு. பதினேழுலயும் கண்ணை இறுக்க மூடிக்குவேன். இப்பவும் எனக்கு அந்த ரோடுன்னா பயம்டா" என்றான்.

பையன் முதல்முறையாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். "நெசமாவா? நீ பயப்படுவியா?"

"ரொம்ப. அன்னைக்கு உன்னைத் திட்டினேன்ல, அதுவும் தப்பு."

அன்று இரவு மாடியில் மறுபடியும் பாய் விரித்தார்கள். அலமாரியிலிருந்து, அட்டை கிழிந்த முதல் புத்தகம் மேலே வந்தது. அண்ணன் ஒரு பக்கத்தை மனதுக்குள் படித்துவிட்டுத் தமிழில் சொல்ல ஆரம்பித்தான். இங்கிலீஷ் மீடியம் பையன்தான். ஆனாலும் அப்பா சொல்லியே கேட்க வேண்டுமாம். ஹாக்ரிட்டின் குரல் வரும்போது அண்ணனின் தொண்டை பழையபடி மாறியது. எதிர்ப்பக்கம் படுத்திருந்த அவள், மலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டாவது புத்தகம் இப்போது தகரப்பெட்டியில் இல்லை. அலமாரிக்கு வந்துவிட்டது. ஆனால் ஏழு புத்தகங்களோடு வரிசையில் அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. அவற்றின் மேலே, தனியாகப் படுக்கவைத்திருக்கிறாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் பையன் அதைப் பார்த்துவிட்டான். "அத்தை, ஒன்பதாவது புக்கு வருமா?"

"வந்தா வரட்டும். நாம மொதல்ல ஒண்ணாவதை முடிப்போம்டா" என்றாள் அவள்.